கொக்கி போட்ட பெயர்கள்

அக்கா திங்கட்கிழமை இறந்தாள் என்றுதான் எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். மருத்துவர் கொடுத்த சான்றிதழிலும் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் அதே வாரம் வியாழக்கிழமை காலை எட்டு பத்துக்கு அவள் வீட்டுத் தொலைபேசியை யாரோ எடுத்தார்கள். பத்தொன்பது நொடி காதில் வைத்துக் கேட்டார்கள். பிறகு ஒன்றாம் எண்ணை அழுத்திவிட்டு வைத்துவிட்டார்கள். அவள் தனியாக இருந்த வீடு அது. கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

ஏழு வருடம் ஆகிவிட்டது. அந்தக் காகிதங்கள் எதுவும் இப்போது என்னிடம் இல்லை. எண்கள் மட்டும் மனதில் அப்படியே இருக்கின்றன.

அப்போது நான் காலை அழைப்பு அலுவலகத்தில் வேலை பார்த்தேன். தனியாக வசிக்கும் வயதானவர்களுக்காக நகராட்சி நடத்திய சேவை அது. எண்ணூறு பேருக்கு மேல் பதிவு செய்திருந்தார்கள். தினமும் காலை எட்டு மணிக்கு ஒரு இயந்திரம் ஒவ்வொருவர் வீட்டுக்கும் தொலைபேசி அடிக்கத் தொடங்கும். எடுத்தால் பதிவு செய்த குரல் பேசும். நலமாக இருந்தால் ஒன்று, உதவி வேண்டுமானால் இரண்டு. மணி எட்டு தரம் அடித்தும் யாரும் எடுக்கவில்லை என்றால் அவர் பெயர் 'எடுக்காதவர்கள்' பட்டியலில் ஏறும். ஒன்பதரைக்கு அந்தப் பட்டியல் எங்கள் மேசைக்கு வரும். நாங்கள் மூன்று பேர் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கையால் கூப்பிடுவோம். அப்போதும் எடுக்காவிட்டால் ஸ்கூட்டரில் ஆள் போய்க் கதவைத் தட்டுவார். ஞாயிறு மட்டும் விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் வந்து பார்ப்பார்கள் என்று யாரோ முடிவு செய்திருந்தார்கள்.

பதிவு செய்த குரல் என்னுடையது. தொடங்கிய வருடம் மேலாளர் எங்கள் மூவரையும் பேச வைத்துப் பார்த்தார். எதிர் மேசைக்காரியின் குரல் கடன்காரனை மிரட்டுவது போல இருந்ததாம். இன்னொருத்திக்கு அன்று சளி. அப்படித்தான் என் குரல் எண்ணூறு வீடுகளுக்குள் போயிற்று.

எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. சிலருக்கு முட்டி வலி, சிலர் மெல்ல நடப்பவர்கள். எட்டு மணியடிப்புக்குள் அவர்களால் வந்து எடுக்க முடியாது. அவர்கள் எடுக்கவில்லை என்றால் பதறக்கூடாது, இருபது தரமாவது அடிக்க விட வேண்டும். பழைய நாளில் காகிதப் பட்டியலில் அப்படிப்பட்ட பெயரின் கடைசி எழுத்துக்கு மேல் பென்சிலால் சின்னதாக ஒரு கோடு இழுத்துவிடுவோம். கொக்கி என்று அதற்குப் பெயர். பிறகு எல்லாம் கணினிக்குள் போனது. குறிப்பு எழுத அதில் தனி இடம் இல்லை. கேட்டுப் பார்த்தோம், அடுத்த வருடம் என்றார்கள். பெயரின் முடிவிலேயே மேலே தொங்கும் ஒற்றை மேற்கோள் குறியைத் தட்டச்சு செய்துகொண்டோம். விசைப்பலகையில் அதுதான் பென்சில் கோடு மாதிரி இருந்தது. 'இவர் கொக்கிக்காரர், கொஞ்சம் பொறு' என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வோம். யாரை அதிகம் கவனித்துக்கொள்ள வேண்டுமோ அவர்களுக்குத்தான் கொக்கி போட்டோம்.

மொத்தம் பதினைந்து கொக்கிகள். அதில் ஒன்று என் அக்காவுக்கு நான் போட்டது.

உண்மையில் அவளுக்கு அது தேவையே இல்லை. முட்டி அறுவை சிகிச்சை முடிந்து வந்த புதிதில் போட்டேன். அவள் தொலைபேசியைத் தூக்கிக் கட்டில் தலைமாட்டில் ஒரு முக்காலியில் வைத்துக்கொண்டாள். எட்டு மணியிலிருந்தே பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். முதல் மணியிலேயே எடுத்துவிடுவாள். கொக்கியை எடுத்துவிடலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. இருந்தால் என்ன கெட்டுப்போகிறது என்று விட்டுவிட்டேன்.

அக்காவுக்கு என்னை விட ஒன்பது வயது அதிகம். எனக்கு ஐம்பத்திரண்டு வயதிலும் என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நகரத்தின் மறு கோடியிலிருந்து இரண்டு பேருந்து மாறி அவள் வீட்டுக்குப் போவேன். மற்ற நாட்களில் போன் செய்வது குறைந்து போயிருந்தது. தினமும் என் குரல் அவளுக்குப் போய்க்கொண்டுதானே இருக்கிறது என்று நானே எனக்கு ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவள் அதை விட்டுவைக்கவில்லை.

"உன் மெஷின் தினம் கூப்பிடுது பாப்பா. நீ எப்பக் கூப்பிடப் போற?"

"அதுல வர்றது நான்தானே அக்கா."

"முட்டி வலிக்குதுன்னு நேத்து அதுகிட்ட சொன்னேன். நாள் நல்லபடியாக அமையட்டும்னு சொல்லி வெச்சிடுச்சு. வளர்ப்பு சரியில்ல."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். ஆனாலும் முழுச் செய்தியையும் கேட்டுவிட்டுத்தான் ஒன்றை அழுத்துவாளாம். நடுவில் அழுத்தினால் நான் பேசிக்கொண்டிருக்கும்போது எழுந்து போகிற மாதிரி இருக்கிறதாம்.

அந்த மாதம் எங்கள் அலுவலகத்துக்குப் புது ஏற்பாடு வந்தது. அதுவரை எடுக்காதவர்கள் பட்டியல் இயந்திரத்திலிருந்து நேராகக் காகிதச் சுருளில் அச்சாகி வரும். இனிமேல் அது கணினியின் தரவுத்தளத்தில் போய்ப் பதிவாகும், ஸ்கூட்டர்காரர்களும் தங்கள் செல்போனில் பார்க்கலாம் என்றார்கள். அதை எழுதித் தந்தவர் மாடியில் தனியறையில் இருந்த நிரல் எழுத்தாளர். முப்பது வயது இருக்கும். நெஞ்சு வரை தாடி வைத்திருந்ததால் தாடி என்று பெயர். நல்ல பிள்ளை. யாராவது திருத்தம் கேட்டால் 'செஞ்சிடலாம் மேடம்' என்பார், செய்தும் விடுவார்.

புது ஏற்பாடு ஒரு திங்கட்கிழமை ஓடத் தொடங்கியது. முதல் நாளே பட்டியல் குட்டையாக வந்தது. வழக்கமாக இருபத்தைந்து, முப்பது பெயர் வரும். அன்று பதினெட்டு. மறுநாள் இருபது. கொக்கிக்காரர் ஒருவர் பெயர்கூட இல்லை. தினமும் பாதிப் பேராவது வந்துவிடுவார்கள், இப்போது ஒருவரும் இல்லை.

எதிர் மேசைக்காரிக்கு ஒரே குஷி. "முட்டிவலிக்காரங்க எல்லாம் ஓடி வந்து எடுக்குறாங்கடி. தாடி ஏதோ தைலமும் சேர்த்து எழுதியிருக்கான்." நாங்கள் மூவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். பதினோரு மணிக்கே வேலை முடிந்துவிட்டது. அந்த வாரம் முழுக்க அந்த அறையில் ஒரு அமைதி இருந்தது. தொலைபேசிகள் சும்மா இருந்தன. சன்னலுக்கு வெளியே பேருந்துப் பணிமனையின் சுவர் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே தேநீர் குடித்தோம். 

அந்த ஞாயிறு அக்கா வீட்டுக்குப் போனபோது அவள் மூக்குக் கண்ணாடியின் ஒரு கால் உடைந்திருந்தது. நூல் கட்டி வைத்திருந்தாள். கண்ணாடி இல்லாவிட்டால் அவளுக்கு எதிரில் இருப்பது கதவா ஆளா என்றுகூடத் தெரியாது. நான் மாற்றிக்கொண்டு வருகிறேன் என்று கைப்பையில் போட்டேன். கடைக்காரர் சனிக்கிழமைதான் தருவேன் என்றார். சரி, ஒரு வாரம்தானே.

அந்த வாரம் திங்கள் முதல் சனி வரை தினமும் காலையில் பட்டியல் வந்ததும் முதலில் அக்கா பெயரைத் தேடினேன். எப்போதும் செய்வதுதான். ஆறு நாளும் இல்லை. பட்டியலில் இல்லை என்றால் எடுத்துவிட்டாள் என்று அர்த்தம். எடுத்துவிட்டாள் என்றால் நன்றாக இருக்கிறாள்.

சனிக்கிழமை மதியம் கண்ணாடியை வாங்கிக்கொண்டு நேராக அவள் வீட்டுக்குப் போனேன். மணியடித்தேன். உள்ளே மணி கேட்டது. மூன்றாவது மாடி நடையில் அந்த வாசனை லேசாகத்தான் இருந்தது. யாரோ குப்பையை வெளியே வைக்க மறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். என் சாவியால் பூட்டைத் திறந்தேன், தாழ் விழுந்திருந்ததால் கதவு அசையவில்லை. கீழ்வீட்டுக்காரர் வந்து தோளால் மோதித் திறந்தார்.

அறைக்கும் குளியலறைக்கும் நடுவில் உள்ள குறுகலான நடையில் அவள் விழுந்து கிடந்தாள். அதற்கு மேல் அதைப் பற்றி எழுதப் போவதில்லை.

வீடு எப்படி இருந்தது என்பதை எழுதுகிறேன். மேசைமேல் பாதி குடித்த தேநீர், மேலே ஆடை கட்டியிருந்தது. சுவரில் நாள்காட்டி. அவள் எழுந்ததும் முதல் வேலையாக நேற்றைய தாளைக் கிழிப்பவள். திங்கட்கிழமைத் தாள் மேலே இருந்தது. கட்டில் தலைமாட்டில் முக்காலி, அதன்மேல் தொலைபேசி. ரிசீவர் அதன் இடத்தில் ஒழுங்காக உட்கார்ந்திருந்தது. அவள் கிடந்த இடத்திலிருந்து முக்காலிக்கு ஒன்பது அடி. பின்னால் ஒரு நாள் அளந்து பார்த்தேன்.

மருத்துவர் பொறுமையானவர். கண்டிப்பாகச் சொல்ல முடியாது என்றார். நாலைந்து நாளுக்குக் குறையாது, நாள்காட்டியையும் தேநீரையும் பார்த்தால் திங்கட்கிழமை காலையாகத்தான் இருக்க வேண்டும், விழுந்ததும் போயிருப்பார், வலி தெரிந்திருக்காது என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

அலுவலகத்திலிருந்து மேலாளர் வந்து துக்கம் விசாரித்தார். அக்கா எண்ணுக்கு இயந்திரம் இனி அடிக்காதபடி நிறுத்திவிட்டதாகச் சொன்னார். போகும்போது, 'நம்ம பட்டியல்ல அவங்க பேர் ஒரு நாளும் வரலம்மா, பார்த்துட்டேன்' என்றார். ஆறுதலுக்குச் சொன்னார் என்றுதான் அப்போது எடுத்துக்கொண்டேன். அவர் போன பிறகுதான் அது உறைத்தது. திங்கட்கிழமை இறந்தவள் செவ்வாயும் புதனும் எப்படிப் போனை எடுத்தாள்?

ஒன்பது நாள் கழித்து வேலைக்குப் போனேன். நேராக மாடிக்குத்தான் ஏறினேன். தாடி எழுந்து நின்றார், நாற்காலியை இழுத்துப் போட்டார். அக்கா பெயர் அந்த வாரம் ஏன் பட்டியலில் வரவில்லை என்று கேட்டேன்.

"வரலன்னா எடுத்திருக்காங்கன்னுதான் மேடம் அர்த்தம்."

"அவ செத்துக் கிடந்தா தம்பி."

 அவர் திரையின் பக்கம் திரும்பினார். நான் பின்னால் நின்றேன். அக்காவின் பெயரைத் தேடி எடுத்தார். பெயரின் முடிவில் கொக்கி இருந்தது. அதன்மேல் விரலை வைத்து, இது என்ன மேடம் என்று கேட்டார். சொன்னேன். அவர் விரல் அந்த இடத்திலிருந்து நகரவே இல்லை.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். ஒருவர் எடுக்கவில்லை என்றால் இவருடைய நிரல் தரவுத்தளத்துக்கு ஒரு கட்டளை அனுப்பும்: இன்னாரை இந்தத் தேதியில் பட்டியலில் சேர். கட்டளையை ஒரே வாக்கியமாகக் கோத்து, நடுவில் பெயரை ஒட்டி அனுப்பும்படி எழுதியிருந்தார். பெயர் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பதைக் காட்ட இரண்டு பக்கமும் ஒரு குறி வேண்டும். அந்தக் குறியும் எங்கள் கொக்கியும் ஒன்றேதான். கொக்கி வந்ததும் பெயர் அங்கேயே முடிந்துவிட்டது என்று தரவுத்தளம் எடுத்துக்கொள்ளும். மீதி வாக்கியம் அதற்கு உளறலாகப் படும். கட்டளை முழுவதையும் தள்ளிவிடும். பெயரைச் சேர்க்கும் பழைய திரையை வேறு யாரோ கவனமாக எழுதியிருந்ததால் அதில் கொக்கி சிக்கலில்லாமல் உள்ளே போயிருந்தது.

தள்ளிவிட்டால் அது யாருக்கும் தெரியாதா என்று கேட்டேன்.

"ஒரு பேர்ல தப்பு வந்தா மெஷின் அங்கயே நின்னுடக் கூடாது, மத்தவங்களுக்கு போன் போகணுமேன்னு… தாண்டிப் போன்னு எழுதி வெச்சேன் மேடம். நல்லதுக்குன்னு நெனச்சு."

நானும் நல்லதுக்கு நினைத்துத்தான் கொக்கி போட்டேன்.  அதே நொடியில் இருவருக்கும் மற்ற பதினான்கு பேர் நினைவு வந்துவிட்டது. மூன்று வாரமாக அந்தப் பதினான்கு பேரில் யார் செத்தாலும் எங்களுக்கு நலம் என்றுதான் தெரிந்திருக்கும்.

கீழே ஓடினோம். எதிர் மேசைக்காரியிடம் விஷயத்தைச் சொன்னதும் அவள் முகத்தில் ரத்தமே இல்லை. பதினான்கு பெயர்களையும் நாங்கள் மூன்று பேரும் பிரித்துக்கொண்டு கூப்பிட்டோம். தாடி நின்றுகொண்டே ஒவ்வொரு பெயராக டிக் செய்தார். நான் இரண்டு முறை தப்பு எண் போட்டேன். இருபது மணியடிப்பு என்பது எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒவ்வொருவராக எடுத்தார்கள். மெல்ல நடந்து வந்து, மூச்சு வாங்கி, என்னம்மா விஷயம் என்றார்கள். ஒன்றுமில்லை, சும்மாதான் என்றேன். ஒரு அம்மாள், "இப்பதான் எங்க ஞாபகம் வந்துச்சா?" என்று கேட்டுவிட்டு அரை மணி நேரம் பேசினார். எனக்கு அழுகை வந்தது.

பதின்மூன்று பேர் எடுத்துவிட்டார்கள். ஒருவர் எடுக்கவில்லை. ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். நாற்பது தரம் அடித்துப் பார்த்தோம். தாடி தன் பைக்கை எடுத்தார், நான் பின்னால் ஏறிக்கொண்டேன்.  அவர் வீட்டுப் படியில் கால் வைத்ததும் நான் மூச்சை இழுத்து வாசனை பார்த்தேன். பூண்டு வதக்கும் வாசனை வந்தது.

கதவைத் திறந்தவர் கையில் கரண்டி. தொலைபேசிக் கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிச் சுருட்டி அலமாரிமேல் வைத்திருந்தார். பக்கத்தில் ஒரு தாளில் பதினொரு கோடு.

"பதினோரு நாள் முன்னாடி பிடுங்கினேன். எத்தனாவது நாள் வர்றீங்கன்னு பார்க்கலாம்னு. நான் செத்திருந்தா பக்கத்து வீட்டுக்காரன் மூக்கப் பொத்திக்கிட்டு உங்களுக்கு முன்னாடி வந்திருப்பான்."

அவருக்கு என் அக்காவைப் பற்றித் தெரியாது. நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

திரும்பி வந்ததும் தாடி உட்கார்ந்து நிரலைத் திருத்தினார். இனிமேல் கட்டளை தனியாகப் போகும், பெயர் தனியாகப் போகும் என்றார். கட்டளையில் பெயர் வர வேண்டிய இடத்தில் ஒரு காலியிடம் மட்டும் இருக்கும், பெயர் பின்னால் போய் அதில் உட்காரும், அதற்குள் கொக்கி இருந்தாலும் வேறு எது இருந்தாலும் தரவுத்தளம் அதை வெறும் பெயராகத்தான் பார்க்கும் என்றார். மொத்தம் நாலு வரி மாற்றம். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

"தள்ளப்பட்ட கட்டளையெல்லாம் ஒரு கோப்புல சேர்ந்து கெடக்கு மேடம். அதத் திரும்ப ஓட்டினா யார் யார் என்னைக்கு எடுக்கலன்னு வந்துடும். நீங்க வீட்டுக்குப் போங்க. நான் பார்த்துக்கறேன்."

நான் போகவில்லை. எனக்கு ஒன்றே ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது. திங்கட்கிழமையிலிருந்து ஆறு நாளும் அவள் பெயர் வர வேண்டும். வந்தால் மருத்துவர் சொன்னது சரி. விழுந்ததும் போய்விட்டாள், யாருக்காகவும் காத்திருக்கவில்லை.

அவர் ஒரு விசையைத் தட்டினார். திரையில் பெயர்கள் ஒவ்வொன்றாக ஏறத் தொடங்கின. மூன்று வாரமாக வெளியே நின்றவர்கள் வரிசையாக உள்ளே வருவது போல இருந்தது. பெயர், கொக்கி, தேதி. ஓட்டுநர் பெயர் அடுத்தடுத்து வந்தது. பிறகு அக்கா பெயர் வந்தது. திங்கள். செவ்வாய். புதன். வெள்ளி. சனி.

நான் திரும்ப எண்ணினேன். ஐந்து.

தாடியும் எண்ணியிருக்க வேண்டும். அவர் கழுத்து விறைத்துக்கொண்டதைப் பின்னாலிருந்து பார்த்தேன். வியாழன் எங்கே என்று கேட்டேன். அவர் தொலைபேசி நிலையத்திலிருந்து வரும் அழைப்பு விவரத்தைத் திறந்தார். அக்காவின் எண், ஆறு வரி. ஐந்து வரிகளில் பேசிய நேரம் பூஜ்யம். வியாழன், எட்டு மணி பத்து நிமிடம்: பத்தொன்பது நொடி. அழுத்திய விசை: ஒன்று.

"லைன்ல சில சமயம் மின்னல் இடின்னா தானா இப்படி…" என்று தொடங்கினார்.

"வியாழக்கிழமை மழை பெஞ்சுதா?"

"இல்ல மேடம்."

 வெளியே நல்ல வெயில். பணிமனையில் யாரோ பேருந்தைப் பின்னால் எடுக்க விசில் ஊதிக்கொண்டிருந்தார்கள்.  கதவு உள்ளே தாழிட்ட வீடு. மூன்று நாளாக நடையில் கிடப்பவள். மணி அடிக்கிறது. கட்டில் தலைமாட்டில் ரிசீவர் தூக்கப்படுகிறது. என் குரல் அந்த அறைக்குள் பேசுகிறது.

அக்காவின் பழைய அழைப்பு விவரங்களையும் காட்டச் சொன்னேன். ஒரு வருடத்துக்கு இருந்தது. முப்பத்து மூன்று, முப்பத்து நாலு, முப்பத்து மூன்று. அவள் சொன்னது உண்மைதான், ஒரு நாள்கூட என்னை நடுவில் நிறுத்தியதில்லை. பத்தொன்பது என்பது ஒரு வருடத்தில் அந்த ஒரு தரம்தான்.

"அப்ப எடுத்தது அவங்க இல்ல மேடம்" என்றார் தாடி. சொன்ன பிறகுதான் அவருக்கே அதன் பொருள் உறைத்தது போல நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளினார்.

செய்தியைப் போடச் சொன்னேன். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தேன். என் குரல் வந்தது. நாலு வருடத்துக்கு முந்தைய குரல், கொஞ்சம் இளமையாக, எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள் என்ற நிச்சயத்தோடு. வணக்கம். இது காலை அழைப்பு. இன்று எப்படி இருக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ளக் கூப்பிடுகிறோம். நீங்கள் நலமாக இருந்தால் ஒன்றை அழுத்துங்கள். அது பதின்மூன்றாவது நொடி. உதவி வேண்டுமானால் இரண்டை அழுத்துங்கள். அது முடியும்போது முள் பத்தொன்பதில் இருந்தது.

ஒன்றும் இரண்டும் அந்தத் தொலைபேசியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். அவள் கண்ணாடி வியாழக்கிழமை கடைக்காரர் மேசையில் இருந்தது.

நான் யோசித்ததைத் தாடியும் யோசித்தாரா என்று தெரியாது. கண்ணாடி விஷயம் அவருக்குத் தெரியாது, நான் சொல்லவும் இல்லை. அவர் குனிந்து உட்கார்ந்து தாடியைக் கையால் கசக்கிக்கொண்டிருந்தார். அழுகிறார் என்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது. எல்லாம் என்னால்தான் மேடம் என்றார். கொக்கி நான் போட்டது என்றேன். பிறகு அவர் கேட்டார்:

"அந்த வியாழக்கிழமை வரிய வேணா எடுத்துடட்டுமா? யாருக்கும் தெரியப் போறதில்ல."

"இருக்கட்டும் தம்பி."

ஒருவர் இறந்துவிட்டால் அவர் பெயரைச் சேவையிலிருந்து முடித்து வைக்க வேண்டும். அது எங்கள் மேசை வேலை. மறுநாள் காலை நானே செய்தேன். எதிர் மேசைக்காரி தான் செய்வதாக எவ்வளவோ சொன்னாள், கேட்கவில்லை. பெயர் வந்தது, முடிவில் கொக்கியோடு. அதற்குக் கீழே இறந்த தேதி என்று ஒரு காலியிடம்.

அந்தக் காலியிடத்துக்கு முன்னால் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. திங்கட்கிழமை என்றால், வியாழக்கிழமை அவள் வீட்டில் போனை எடுத்தது அவள் இல்லை. மூடிய வீட்டுக்குள் வேறு எதுவோ நடந்து போய் எடுத்திருக்கிறது. வியாழக்கிழமை என்றால், என் அக்கா மூன்று நாள் அந்த நடையில் உயிரோடு கிடந்திருக்கிறாள். தினமும் எட்டு பத்துக்கு மணி அடிப்பதைக் கேட்டிருக்கிறாள். நாலாவது நாள் ஒன்பது அடி நகர்ந்து போய் எடுத்திருக்கிறாள். என் குரல் உதவி வேண்டுமா என்று கேட்டதும் தடவிப் பார்த்து அழுத்தியிருக்கிறாள். பிறகு எனக்காகக் காத்திருந்திருக்கிறாள், நான் பணிமனைச் சுவரைப் பார்த்துத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது.

இரண்டாவதுதான் உண்மை என்றால் அவள் ஏன் திரும்பி நடைக்குப் போனாள்? ரிசீவரை ஏன் அவ்வளவு ஒழுங்காக வைத்தாள்? கதவைத் திறக்கப் போனாளோ? அந்த நிலையிலும் போனைச் சரியாக வைப்பது ஒழுங்குக்காரியான அவள் செய்யக்கூடியதுதானோ? இந்தக் கேள்விகளை ஏழு வருடத்தில் எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டேன். எந்தப் பக்கமும் போய்ச் சேரவில்லை.

திங்கட்கிழமையின் தேதியை எழுதினேன். பேய் பிசாசு எல்லாம் நம்புகிறவள் இல்லை நான். ஆனால் அன்று முதல் அந்த வீட்டில் ஏதோ ஒன்று போனை எடுத்தது என்று நம்பத் தொடங்கினேன். இருட்டில் எழுந்து தண்ணீர் குடிக்கப் போகும்போது பயமாகத்தான் இருக்கிறது. நடையில் விளக்கைப் போட்டுவிட்டுத்தான் போகிறேன். அந்தப் பயத்தை வைத்துக்கொண்டு எப்படியோ தூங்கிவிடுகிறேன். மற்றதை வைத்துக்கொண்டு தூங்க முடியாது.

தாடி அந்த வருடக் கடைசியில் வேறு வேலைக்குப் போனார். போகும் முன் குறிப்பு எழுதத் தனி இடம் ஒன்று செய்து கொடுத்தார். எல்லாக் கொக்கிகளையும் பெயர்களிலிருந்து எடுத்து அங்கே மாற்றினோம். அக்கா பெயர் முடித்து வைத்த பெயர் என்பதால் அதைத் திருத்த முடியவில்லை. அதில் கொக்கி இன்னும் இருக்கும்.

எனக்கும் ஓய்வு கிடைத்துவிட்டது. தனியாக இருக்கிறேன். போன வருடம் என் பெயரையும் சேவையில் பதிந்துகொண்டேன். குரலை அவர்கள் மாற்றவில்லை. காலை எட்டு இருபதுக்கு மணி அடிக்கும். எடுத்தால் நான்தான் பேசுவேன். பெரும்பாலும் ஒன்றை அழுத்தச் சொன்னதும் அழுத்திவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவேன். வியாழக்கிழமைகளில் மட்டும் அழுத்தாமல் நிற்கிறேன். உதவி வேண்டுமானால் இரண்டை அழுத்துங்கள் என்கிறது என் குரல். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு விசைகளைப் பார்க்கிறேன். ஒன்று எது, இரண்டு எது என்று எனக்கும் தெரிவதில்லை.